மட்டையும் மனிதரும் – 17: ‘மஸில்ஸ்’ ஆடிய கால் நூற்றாண்டு

சென்ற பகுதியை 1969 விம்பிள்டனில் நிறுத்தியிருந்தோம். 41 வயது பாஞ்சோ கான்சலஸ், தன்னைவிடப் பதினாறு வயது இளையவரான சார்லி பசரெலோடு இரண்டு நாளாக மல்லுக்கட்டினார். முதல் செட்டை 22–24 என்று இழந்து, இருட்டில் பந்து தெரியவில்லை என்று நடுவரிடம் கத்தி, இரண்டாவது செட்டை வெறுப்போடு விட்டுக்கொடுத்து, மறுநாள் வந்து மீதி மூன்று செட்டையும் வென்றார். மொத்தம் 112 கேம். 5 மணி 12 நிமிடம். மூப்பு என்ற சொல்லையே கேட்கப் பிடிக்காத ஆள் அவர். ஆறடிக்கு மேல் உயரம், அக்காலத்தின் மிக வலிமையான சர்வ், அதைவிட வலிமையான கோபம். இப்படிப்பட்டவர் நாற்பதிலும் ஆடினார் என்றால் நமக்கு வியப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

அதே கான்சலஸிடம் 1957-இல் ஊர் ஊராக அடிவாங்கிக்கொண்டு திரிந்த சின்ன உருவம் ஒன்று உண்டு. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். தோளும் மெலிது, சர்வும் மெலிது. சக வீரர்கள் அவருக்கு ‘மஸில்ஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள், கேலியாகத்தான். ஆண்கள் டென்னிஸில் நீண்ட காலம் உச்சியில் நின்றவர் யார் என்று கேட்டால், கான்சலஸையும் தாண்டி, ஃபெடரர், நடால், ஜோகோவிச்சையும் தாண்டி, இந்தத் தொடர் கை காட்டுவது அந்த மஸில்ஸைத்தான். கென் ரோஸ்வால்.

சிட்னியில் 1934 நவம்பர் 2 அன்று பிறந்தார். அப்பா ராபர்ட் மளிகைக் கடைக்காரர். ராக்டேல் என்ற புறநகரில் சொந்தமாகக் களிமண் தரை டென்னிஸ் ஆடுகளங்களும் வைத்திருந்தார். பையன் பிறவியில் இடதுகைக்காரன். அப்பா அவனை வலது கையால் ஆடப் பழக்கினார். அந்தக் காலத்து வழக்கம் அது. நம் வீடுகளில் இடது கையால் எழுதிய குழந்தைகளுக்கு நடந்ததும் அதுதான். ஆனால் இங்கே ஒரு விசித்திரம் விளைந்தது. இயல்பான கை மாறியதால் சர்வ் கடைசிவரை சுமாராகவே இருந்தது. உடம்பின் இடப்பக்கம் வந்த பந்தோ அவருக்குச் சொந்த வீட்டுக்கு வந்த பந்து. டென்னிஸ் கண்ட மிகச் சிறந்த பேக்ஹேண்ட்களில் ஒன்று அப்படித்தான் உருவானது என்று ஆட்டத்தை அறிந்தவர்கள் பலரும் சொல்வார்கள்.

ரோஸ்வால் பிறந்து 21 நாள் கழித்து அதே சிட்னியில் இன்னொரு குழந்தை பிறந்தது: லூ ஹோட். பொன்முடி, அகன்ற தோள், இரும்பு மணிக்கட்டு. பயிற்சியாளர் ஹாரி ஹாப்மன் இருவரையும் ஒன்றாக வளர்த்தார். பத்திரிகைகள் இரட்டையர்கள் என்று எழுதின. ஹோட் அடித்தால் பந்து எங்கே போனது என்று எதிராளி திரும்பிப் பார்ப்பார். ரோஸ்வால் அடித்தால் எதிராளி ஓடிக்கொண்டே இருப்பார். இருவரில் யார் நீண்ட நாள் ஆடுவார் என்று அன்று யாரிடம் கேட்டிருந்தாலும் ஹோட் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

1953-இல், பதினெட்டு வயதில், ரோஸ்வால் ஆஸ்திரேலிய சாம்பியன் ஆனார். சில மாதத்தில் பாரிஸில் பிரெஞ்சுப் பட்டமும் வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில், மெல்போர்ன் கூயோங் திடலில், அமெரிக்காவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை இறுதி 2–2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் விக் சேஷஸை வென்று கோப்பையை ஆஸ்திரேலியாவிலேயே தக்கவைத்தவரும் அவர்தான். அதற்குச் சரியாகப் பதினேழு நாள் முன்பு சென்னையில் விஜய் அமிர்தராஜ் பிறந்திருந்தார். இந்தத் தேதியை வாசகர் மனதில் குறித்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

1954 விம்பிள்டன் இறுதியில், செக்கோஸ்லோவாகியாவை விட்டு வெளியேறி எகிப்தின் பெயரில் ஆடிய யாரோஸ்லாவ் ட்ரோப்னியிடம் தோற்றார். அரங்கமே 32 வயது ட்ரோப்னியின் பக்கம். பாவம், அந்த வயதான மனிதர் ஒருமுறையாவது வெல்லட்டும், இந்தப் பையனுக்கு இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும் என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. வாய்ப்புகள் வந்தன. விம்பிள்டன் மட்டும் வரவில்லை.

1956 ஹோட்டின் ஆண்டு. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன் மூன்றையும் வென்றுவிட்டார். விம்பிள்டன் இறுதியில் வீழ்ந்தவர் ரோஸ்வாலேதான். நான்காவதாக அமெரிக்கப் பட்டமும் கிடைத்தால் ஒரே ஆண்டில் நான்கு, அதாவது கிராண்ட் ஸ்லாம். அதுவரை அதைச் சாதித்த ஆண் டான் பட்ஜ் ஒருவர்தான். நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸில், காற்று சுழன்றடித்த ஒரு நாளில், முதல் செட்டை இழந்த ரோஸ்வால் அடுத்த மூன்றையும் 6–2, 6–3, 6–3 என்று எடுத்து நண்பரின் கனவைக் கலைத்தார். அதோடு அமெச்சூர் உலகத்துக்கு விடை கொடுத்துவிட்டு, ஜாக் கிராமரின் தொழில்முறைக் குழுவில் கையெழுத்திட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைய ஏற்பாடு தெரியாவிட்டால் ரோஸ்வாலின் கணக்கு புரியாது. விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகளும் டேவிஸ் கோப்பையும் அமெச்சூர்களுக்கு மட்டுமே. வெளிப்படையாகப் பணம் வாங்கி ஆடுகிறவருக்கு அந்த வாசல்கள் மூடிவிடும். மேசைக்கடியில் செலவுப்பணம் வாங்கிக்கொண்டு ‘அமெச்சூர்’ என்ற பெயரில் ஆடியவர்கள் ஏராளம்; அது குற்றமாகத் தெரியவில்லை. ரசீது போட்டு வாங்குவதுதான் குற்றம்! நம் ராமநாதன் கிருஷ்ணனுக்கும் 1959-இல் கிராமர் அழைப்பு அனுப்பினார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அமெச்சூராக நின்றதால்தான் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதியும், 1966-இல் டேவிஸ் கோப்பை இறுதியும் அவருக்கு வாய்த்தன. ரோஸ்வால் எதிர்த்திசையில் போனார்.

போன இடம் சொகுசானதல்ல. கிராமரின் கூட்டம் உண்மையில் ஓர் ஊர்சுற்றும் நாடகக் கம்பெனி. இன்று ஒரு நகரம், நாளை அடுத்தது. கூடைப்பந்து அரங்கு, பனிச்சறுக்குத் திடல், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், எது கிடைத்தாலும் அதன்மேல் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி ஆடுகளமாக்குவார்கள். இரவு ஆட்டம் முடிந்ததும் துணியைச் சுருட்டி வண்டியில் ஏற்ற வேண்டியது, விடிய விடியப் பயணம். சாம்பியனும் சவால்காரரும் அதே இரண்டு பேர். நூறு ஊர் என்றாலும் அதே முகம்தான் வலைக்கு எதிரே. 1957-இல் அந்த முகம் கான்சலஸ். கணக்கு முடிந்தபோது கான்சலஸ் 50, ரோஸ்வால் 26.

இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரே மனிதரிடம் ஐம்பது முறை தோற்றால் என்ன ஆவான்? பலர் காணாமல் போனார்கள். கிராமரின் வழக்கம் கொடூரமானது: தோற்றவரின் மதிப்பு சரியும், அடுத்த ஆண்டு புது சவால்காரர் வருவார். ரோஸ்வால் காணாமல் போகவில்லை. சர்வ் பலவீனம் என்று தெரிந்ததால், சர்வ் போட்ட அடுத்த நொடி தான் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கற்றார். அமெச்சூர் காலத்தில் பின்கோட்டில் நின்று ஆடியவர், கான்வாஸ் தரையின் வேகத்துக்காக வலைக்கு முன் வரப் பழகினார். கான்சலஸின் பந்தைத் திருப்பிப் பழகிய கைக்கு வேறு யாருடைய பந்தும் பெரிதாகத் தெரியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் கான்சலஸ் ஒதுங்கியபோது, அந்த ஊர்சுற்றும் உலகின் முதல்வர் ரோஸ்வால்தான்.

அந்த உலகத்துக்கும் மூன்று பெரிய போட்டிகள் இருந்தன: லண்டன் வெம்ப்ளி, பிரெஞ்சு புரோ, அமெரிக்க புரோ. மூன்றிலும் சேர்த்து ரோஸ்வால் வென்றது 15 பட்டங்கள். இதில் பிரெஞ்சு புரோ மட்டும் 1960 முதல் 1966 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு. 1962-இல் கிராண்ட் ஸ்லாம் அடித்த வெற்றிக் களிப்போடு ராட் லேவர் 1963 தொடக்கத்தில் தொழில்முறைக்கு வந்தார். வரவேற்பு எப்படி? ஹோட்டும் ரோஸ்வாலும் மாறி மாறி அடித்தார்கள். முதல் 21 ஆட்டத்தில் 19-இல் லேவர் தோற்றார். உலகின் தலைசிறந்த அமெச்சூருக்கும் தலைசிறந்த தொழில்முறையாளருக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவு. செய்தித்தாள்களில் அதற்கு இடம் கிடைத்தது அரிது. தொலைக்காட்சியும் இல்லை, பதக்கமும் இல்லை, பார்க்க இரண்டாயிரம் பேர் வந்தால் திருவிழா.

1957 முதல் 1968 ஜனவரி வரை ரோஸ்வால் ஆட முடியாமல் போன பெரிய போட்டிகள் 45. இருபத்திரண்டிலிருந்து முப்பத்து மூன்று வரை, ஓர் ஆட்டக்காரரின் உடம்பு முழு வலிமையோடு இருக்கும் பருவம் அது. அந்த 45-இல் எத்தனை வென்றிருப்பார் என்று கணக்குப் போடுவது டென்னிஸ் ரசிகர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இந்தத் தொடர் அதில் இறங்காது. அந்தப் பதினோரு ஆண்டு வனவாசம் பட்டங்களைப் பறித்தது உண்மை. கூடவே, தினமும் மிகச் சிறந்தவர்களோடு மட்டுமே ஆடும் பழக்கத்தையும் கொடுத்தது. கத்துக்குட்டிகளை அடித்துக் காலிறுதி வரை இளைப்பாறும் வசதி அங்கே கிடையாது.

ஹோட் என்ன ஆனார்? 1957 விம்பிள்டனை வென்ற கையோடு அவரும் கிராமரிடம் வந்தார். 1958-இல் கான்சலஸை நடுங்க வைத்தார்; பிறகு முதுகு ஒத்துழைக்க மறுத்தது. அவர் ஆட்டமே இடுப்பிலிருந்து சுழன்று அடிக்கும் ஆட்டம். முப்பதை நெருங்கும்போதே பாதி நாள் வலியோடு கழிந்தது. பிறகு ஸ்பெயினில் டென்னிஸ் விடுதி ஒன்றைத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டார். உடம்பைக் கண்டு இருவரில் ஹோட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லோரும் தோற்றுப்போனார்கள்.

ரோஸ்வாலின் உடம்பு ஏன் உடையவில்லை? வலிமையால் பாயிண்ட் எடுக்கும் வழி அவருக்கு இல்லாததால், ஆட்டத்தில் எங்கேயும் வீணான அசைவு இல்லை. பேக்ஹேண்டில் அவர் பெரும்பாலும் பந்தின் அடியை வெட்டி ஸ்லைஸ் செய்வார். அதற்குத் தோளை முறுக்க வேண்டாம். உடம்பின் எடை முன்னே நகர்ந்தால் போதும். புல்தரையில் அந்தப் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும், எதிராளிதான் குனிந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும். சர்வை வேகத்துக்காக அல்லாமல் இடத்துக்காகப் போட்டார், தோள் பிழைத்தது. எதிராளி மட்டையைத் தூக்கும்போதே பந்து எங்கே வரும் என்று ஊகித்து இரண்டடி முன்பாகவே நகர்ந்துவிடுவார், முழங்கால் பிழைத்தது. தலை கலையாமல், சட்டை கசங்காமல் ஆடுவார். இரண்டு பாயிண்டுக்கு நடுவே தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏதோ தோற்றுவிட்டவர் போல நடப்பார். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் அநேகர்.

இன்னொன்று. இன்று கேம் மாறும்போது வீரர்கள் நாற்காலியில் சாய்ந்து, துண்டு போர்த்தி, வாழைப்பழம் சாப்பிடுவதைப் பார்க்கிறோம். விம்பிள்டனில் ஆட்டக்காரர்களுக்கு நாற்காலி போட்டதே 1975-இல்தான். அதற்கு முன்பு வலையோரம் நின்றபடியே ஒரு மிடறு தண்ணீர், பக்கம் மாறு, ஆடு. ரோஸ்வாலின் விம்பிள்டன் இறுதிகள் எல்லாம் நின்றபடியே ஆடியவை.

1967 ஆகஸ்டில் விம்பிள்டன் நிர்வாகம் பி.பி.சி.யோடு சேர்ந்து எட்டு தொழில்முறையாளர்களை அழைத்து ஒரு போட்டி நடத்தியது. இறுதியில் லேவர் ரோஸ்வாலை வென்றார். அரங்கம் நிரம்பியது. அமெச்சூர் விம்பிள்டனைவிட ஆட்டத்தின் தரம் எங்கேயோ இருந்தது. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் சங்கம் பாகுபாட்டை ஒழித்தது. 1968 மார்ச் இறுதியில் உலகச் சங்கமும் இணங்கியது. ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் முதல் ‘ஓப்பன்’ போட்டி நடந்தது. வென்றவர் ரோஸ்வால், லேவரை 3–6, 6–2, 6–0, 6–3 என்று. பரிசு ஆயிரம் பவுண்டு.

அடுத்த மாதம் பாரிஸ். மாணவர் கிளர்ச்சி, நாடு தழுவிய வேலைநிறுத்தம், பெட்ரோல் இல்லை, ரயில் இல்லை. வேலைக்குப் போக முடியாத பாரிஸ்வாசிகள் ரோலாங் காரோஸ் அரங்கில் வந்து குவிந்தார்கள். ஓப்பன் காலத்தின் முதல் பெரிய பட்டத்தை அங்கே தட்டியவரும் 33 வயது ரோஸ்வால்தான். இறுதியில் தோற்றவர் மறுபடி லேவர். பதினைந்து ஆண்டுக்கு முன், 1953-இல் வென்ற அதே பட்டம்.

1969-இல் லேவர் மீண்டும் நான்கையும் வென்றார், 31 வயதில். இங்கே ஒரு வேடிக்கை. அதன்பின் லேவர் எந்தப் பெரிய போட்டியிலும் காலிறுதியைத் தாண்டவே இல்லை. அவரைவிட நான்கு வயது மூத்த ரோஸ்வாலோ அப்போதுதான் சூடு பிடித்தார்.

1970 விம்பிள்டன் இறுதி: ஜான் நியூகோம்பிடம் ஐந்து செட்டில் தோல்வி. அதே ஆண்டு ஃபாரஸ்ட் ஹில்ஸ்: டோனி ரோச்சைத் தோற்கடித்து அமெரிக்கப் பட்டம், ஹோட்டின் கனவைக் கலைத்துப் பதினான்கு ஆண்டுக்குப் பின். அந்தப் போட்டியில்தான் பெரிய போட்டிகளில் முதன்முறையாக டை-பிரேக் வந்தது. 22–24 என்று நீளும் செட்டுகளுக்கு அது முற்றுப்புள்ளி. முப்பதைத் தாண்டிய கால்களுக்கு அதைவிட நல்ல சட்டத் திருத்தம் ஏது? 1971-இல் சிட்னியில் ஆஸ்திரேலிய ஓப்பன், லேவர், நியூகோம்ப், ஆர்தர் ஆஷ் என்று பெரிய தலைகள் எல்லாம் வந்திருந்த போட்டி. ரோஸ்வால் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வென்றார்.

1972 ஆஸ்திரேலிய ஓப்பன் புத்தாண்டை ஒட்டி நடந்தது. வெளிநாட்டுப் பெரிய பெயர்கள் பல வரவில்லை. வரிசை கொஞ்சம் மெலிந்ததுதான், மறைப்பதற்கில்லை. இறுதியில் மால் ஆண்டர்சனை 7–6, 6–3, 7–5 என்று வென்றார். ரோஸ்வாலுக்கு 37 வயது இரண்டு மாதம், ஆண்டர்சனுக்கு 36. இருவர் வயதையும் கூட்டினால் 73! ஓப்பன் காலத்தில் இதைவிட மூத்த வயதில் பெரிய போட்டியின் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இதை எழுதும் வரை யாரும் இல்லை. அதற்கு முந்தைய காலத்தில் உண்டு. ஆர்தர் கோர் 41 வயதில் 1909 விம்பிள்டனை வென்றிருக்கிறார். அது வேறு ஆட்டம், வேறு உலகம்.

அந்த ஆண்டு மே மாதம் டல்லஸ் நகரில், லாமர் ஹன்ட் நடத்திய டபிள்யூ.சி.டி. இறுதி. எதிரே லேவர். பரிசு ஐம்பதாயிரம் டாலர், அன்றைக்கு டென்னிஸில் அதைவிடப் பெரிய தொகை இல்லை. என்.பி.சி. நேரலையில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். முதல் செட் லேவருக்கு, அடுத்த இரண்டு ரோஸ்வாலுக்கு, நான்காவது டை-பிரேக்கில் லேவருக்கு. ஐந்தாவது செட்டும் டை-பிரேக். அதில் லேவர் 5–4 என்று முன்னணியில், அடுத்த இரண்டு சர்வும் அவருடையவை. ஆட்டம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. ரோஸ்வால் மூன்றரை மணி நேரம் ஆடி அப்போது நடப்பதற்கே தள்ளாடிக்கொண்டிருந்தார். லேவர் முதல் சர்வைப் பேக்ஹேண்டுக்குப் போட்டார். பந்து அவரைக் கடந்து திரும்பியது. இரண்டாவதையும் பேக்ஹேண்டுக்கே போட்டார். அதுவும் கடந்து போனது. அடுத்த சர்வ் ரோஸ்வாலுடையது. லேவரின் பந்து வலையைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் டென்னிஸ் பெருங்கூட்டத்தின் ஆட்டமாக மாறியது அந்த மாலையில்தான் என்று சொல்பவர்கள் உண்டு. மிகையில்லை.

இவ்வளவு சூட்டோடு அவர் விம்பிள்டனுக்குப் போயிருக்க வேண்டும். போக விடவில்லை. ஹன்ட்டின் ஒப்பந்தக்காரர்களுக்கும் உலகச் சங்கத்துக்கும் நடந்த சண்டையில் 1972 பிரெஞ்சு ஓப்பனும் விம்பிள்டனும் அவர்களுக்கு மூடப்பட்டன. 1973-இல் நிக்கி பிலிச் என்ற வீரரை இடைநீக்கம் செய்ததற்காக வீரர் சங்கமே விம்பிள்டனைப் புறக்கணித்தது. விலகிய 81 பேரில் ரோஸ்வாலும் ஒருவர். 45 போட்டிகளை அமெச்சூர் சட்டம் தின்றது போக, மிச்சமிருந்ததில் மூன்றை இப்படி அரசியல் தின்றது.

இப்போது சென்னைப் பையனிடம் வருவோம். 1973 அமெரிக்க ஓப்பனில் 19 வயது விஜய் அமிர்தராஜ் மூன்றாம் சுற்றில் லேவரையே ஐந்து செட்டில் சாய்த்துக் காலிறுதிக்கு வந்தார். அங்கே அவரை நிறுத்தியவர் ரோஸ்வால். 1974-இல் மறுபடி ஃபாரஸ்ட் ஹில்ஸ். இம்முறை பியோர்ன் போர்கை வென்றுவிட்டுக் காலிறுதிக்கு வந்தார் விஜய். மறுபடியும் ரோஸ்வால். முதல் செட்டை இழந்துவிட்டு, நிதானமாக அடுத்த மூன்றையும் எடுத்துக்கொண்டார். விஜய் தொட்டிலில் கிடந்தபோது டேவிஸ் கோப்பையைக் காப்பாற்றிய அதே மனிதர்.

அந்த 1974-தான் ரோஸ்வால் கதையின் உச்சம் என்பது இந்தத் தொடரின் கருத்து. இறுதிப் போட்டிகளில் அவர் படுதோல்வி அடைந்த ஆண்டாக இருந்தாலும். விம்பிள்டனில் 39 வயதில் காலிறுதியில் நியூகோம்பை வென்றார். அரையிறுதியில் ஸ்டான் ஸ்மித்திடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, ஒரு மேட்ச் பாயிண்டையும் தப்பித்து, ஐந்து செட்டில் ஜெயித்தார். முதல் விம்பிள்டன் இறுதி ஆடி இருபது ஆண்டு கழித்து மறுபடி இறுதி. எதிரே ஜிம்மி கானர்ஸ், 21 வயது. ரோஸ்வால் முதல் பெரிய பட்டம் வென்றபோது கானர்ஸ் கைக்குழந்தை.

1954-இல் அரங்கம் ட்ரோப்னிக்காக ஏங்கியது. இப்போது ரோஸ்வாலுக்காக ஏங்கியது. ஏக்கம் பலிக்கவில்லை. 6–1, 6–1, 6–4. இரண்டு மாதம் கழித்து அமெரிக்க ஓப்பன் இறுதியில் அதே எதிராளி: 6–1, 6–0, 6–1, 78 நிமிடம். ரோஸ்வாலின் மென்மையான இரண்டாவது சர்வைக் கானர்ஸ் முன்னேறி வந்து அறைந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று தேட வேண்டியதில்லை. கானர்ஸின் பயிற்சியாளர் பாஞ்சோ செகூரா, கிராமரின் கான்வாஸ் நாட்களில் ரோஸ்வாலோடு ஊர் சுற்றிய பழைய கூட்டாளி. அந்தச் சர்வை அவர் எத்தனை ஊரில் பார்த்திருப்பார்!

இந்த இரு தோல்விகளையும் பலர் பரிதாபமாக எழுதினார்கள். அப்படி எழுதத் தேவையில்லை. நாற்பதை எட்ட இரண்டு மாதம் இருக்கும்போது ஒரே கோடையில் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டின் இறுதிக்கும் வந்தவர் வேறு யார்? கானர்ஸுக்கே அதன் அருமை பின்னால் புரிந்திருக்கும். 1991 அமெரிக்க ஓப்பனில், உலகத் தரவரிசையில் 174-ஆம் இடத்தில் கிடந்த கானர்ஸ் சிறப்பு அனுமதியில் நுழைந்து, தன் 39-ஆவது பிறந்தநாளில் ஏரன் கிரிக்ஸ்டீனை ஐந்து செட்டில் வீழ்த்தி அரையிறுதிவரை போனார். நியூயார்க் அன்று அவருக்காகக் கூத்தாடியது. அந்த வயதில் ரோஸ்வால் இறுதி ஆடியவர் என்பதை நினைவூட்டியவர்கள் சொற்பம்.

ரோஸ்வால் அதோடும் நிறுத்தவில்லை. 1977 ஜனவரியில், 42 வயதில், ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதி. அந்த நவம்பரில் ஹாங்காங்கில் டாம் கோர்மனை வென்று ஒரு பட்டம், 43 வயதில். பிறகுதான் மெல்ல ஒதுங்கினார்.

ஃபெடரர், நடால், ஜோகோவிச் மூவரோடு ஒப்பிடாமல் இந்தப் பகுதியை முடித்தால் வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். ஃபெடரர் 2016-இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் ஓய்வெடுத்து, 2017 ஆஸ்திரேலிய ஓப்பனை 35 வயதில் வென்றார். அடுத்த ஆண்டு 36-லும் வென்றார். இரண்டு ஆண்டுமே களிமண் தரைப் பருவம் முழுவதையும் தவிர்த்தார். ஜோகோவிச் கோதுமையை விலக்கி உணவையே மாற்றி, 2023-இல் நான்கில் மூன்று பட்டங்களை எடுத்தார். கடைசியாக வந்த அமெரிக்க ஓப்பன் 36 வயதில். இவர்களோடு உடற்பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உணவு நிபுணர் என்று ஒரு படையே போனது. எந்தப் போட்டியில் ஆடுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் பண பலமும் இருந்தது. குறை சொல்லவில்லை, இன்றைய பந்து வரும் வேகத்துக்கு அந்தப் படை இல்லாவிட்டால் முப்பதைத் தாண்டுவது கடினம். மட்டை மாறிவிட்டது, தரை மாறிவிட்டது, ஒரு சீசனில் கால்கள் வாங்கும் அடியும் மாறிவிட்டது.

ரோஸ்வாலிடம் இருந்தது ஒரு மர மட்டையும், அப்பா மாற்றிவிட்ட ஒரு கையும், எதைச் செய்யக் கூடாது என்ற தெளிவும். ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கும் முன் ஃபெடரருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதுவதை அவர் ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். தன் சாதனையை முறியடிக்கக்கூடியவருக்கே வாழ்த்து!

எண்களை மட்டும் நம்புகிறவர்களுக்கு ரோஸ்வால் எட்டு பெரிய பட்டங்கள் வென்றவர், விம்பிள்டன் வெல்லாதவர், அவ்வளவுதான். அந்தக் கணக்கு அவருடைய பதினோரு ஆண்டைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பூஜ்யத்தோடே இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். முதல் பெரிய பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவே ஃபெடரருக்கு 15 ஆண்டு, ஜோகோவிச்சுக்கு 2023 வரை 15, நடாலுக்கு 17. ரோஸ்வாலுக்கு, 1953 முதல் 1972 வரை, 19.

அடுத்த பகுதியில் இதற்கு நேர் எதிரான கதை: ஐந்து விம்பிள்டனைத் தொடர்ந்து வென்றுவிட்டு, 26 வயதில் மட்டையைக் கீழே வைத்த பியோர்ன் போர்க்.